டாக்டர் பட்டமும் உபதேசியாரும்: மறைக்கல்வி வளர்ந்த கதை

டாக்டர் என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஸ்டெதஸ்கோப்தான். அடுத்தபடியாகக் கல்லூரியில் பாடம் நடத்தும் முனைவர்கள். ஆனால் இந்தச் சொல்லின் பூர்வீகம் மருத்துவமனையில் இல்லை. 'டாக்டர்' என்ற லத்தீன் சொல்லுக்குப் 'போதிப்பவர்' என்றுதான் பொருள். ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் தோன்றிய காலத்தில், பிறருக்குப் பாடம் சொல்லித்தர ஒருவருக்குத் தரப்பட்ட அனுமதிதான் பட்டமாக வளர்ந்தது. அந்த அனுமதியைக் கொடுத்தது திருச்சபை. அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று கி.பி. 1179-ல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் தடை விதிக்கும் அளவுக்கு அப்போதே அதில் காசு புழங்கியிருக்கிறது!

ஆக, மதத்தை எப்படிக் கற்பிப்பது, கற்பிப்பவர்களை எப்படி உருவாக்குவது என்று ஒருவர் முனைவர் பட்ட ஆய்வு செய்தால், அது அந்தப் பட்டம் பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போவது மாதிரி. இன்று ரோம், பாரிஸ், அமெரிக்கா, பெங்களூர் என்று பல இடங்களில் இப்படி ஓர் ஆய்வுத்துறை இருக்கிறது. கத்தோலிக்கர்கள் இதை மறைக்கல்வி என்பார்கள். சீர்திருத்த சபையினர் கிறிஸ்தவக் கல்வி என்பார்கள்.

சரி, இதற்கும் தர்மபுரிக்கும் என்ன சம்பந்தம்? தர்மபுரி மாதிரி ஒரு மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியாரிடம் எந்த டாக்டர் பட்டமும் கிடையாது. மேலே முனைவர், கீழே உபதேசியார். இந்த இருவருக்கும் நடுவில் பாலம் இருக்கிறதா என்பதுதான் இந்தத் துறையின் மொத்த வரலாறும்.

செருப்புக் காசில் சம்பளம்

தமிழ்நாட்டில் இந்தக் கதை பட்டம் இல்லாதவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களின் உதவியோடு முக்கியமான செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார். மணியடித்துக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் அவர் ஒரே ஊரில் தங்க முடியாது. அடுத்த ஊருக்குப் போய்விட்டால்? ஊருக்கு ஓர் ஆளை நியமித்தார். கணக்கப்பிள்ளை, உபதேசியார் என்றெல்லாம் இவர்களுக்குப் பெயர். செபம் சொல்லிக் கொடுப்பதும், குருவானவர் இல்லாத நேரத்தில் சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் இவர்கள் வேலை. இவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே? போர்ச்சுக்கல் ராணியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த 4000 பணத்தை உபதேசியார்களுக்குத் திருப்பி விடும்படி சவேரியார் கேட்டு வாங்கினார். வரவு செலவுக் கணக்கில் இதைவிட அழகான ஒரு தலைப்பு மாற்றம் இருக்க முடியாது.

சவேரியாருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் எழுத்திலேயே அச்சான முதல் புத்தகம் இதுதான். அந்தப் புத்தகம் என்ன தெரியுமா? காவியமோ சட்டமோ இல்லை. ஒரு மறைக்கல்விக் கையேடு! தமிழ் அச்சு வரலாற்றின் முதல் வாசகர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், கடற்கரைக் கிராமத்து உபதேசியார்களையும் அவர்களிடம் படித்தவர்களையும்தான் சொல்ல வேண்டும்.

உள்நாட்டுக்கு இந்த முறையைக் கொண்டு வந்தவர் ராபர்ட் தெ நொபிலி. 1606-ல் மதுரைக்கு வந்தவர், 1620-களில் சேந்தமங்கலம், சேலம் வரை வந்தார். இன்றைய தர்மபுரிக்கு மிக அருகில் வந்துவிட்ட தொடக்ககால மறைப்பணி அது. மறைக்கல்விக்காக அவர் எழுதிய 'ஞானோபதேசம்' சிறு கையேடு அல்ல, பெரிய உரைநடை நூல். அவருக்குச் சுமார் நூறு ஆண்டுகள் கழித்து வந்த வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே போனார். 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு நூல் எழுதினார். வேதியர் என்றால் இங்கே உபதேசியார். ஒரு உபதேசியார் எப்படி வாழ வேண்டும், எப்படிப் போதிக்க வேண்டும் என்று அவர்களுக்கென்றே எழுதப்பட்ட தமிழ் நூல். திருச்சபையில் போதிப்பவர்களைப் பயிற்றுவிப்பது என்று இன்று ஆய்வேடு எழுதுகிறார்களே, அந்தப் பொருளில் தமிழில் 18-ம் நூற்றாண்டிலேயே பாடநூல் இருந்திருக்கிறது.

சீர்திருத்த சபையிலும் இதே கதைதான். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1716-ல் உள்ளூர் உபதேசியார்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கினார். உபதேசியாராக வேலை பார்த்த ஆரோன் 1733-ல் குருவாக அபிஷேகம் பெற்றார். சீர்திருத்த சபையின் முதல் இந்தியக் குரு அவர்தான்.

1773-ல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்தார். புதிய குருக்கள் வருவது நின்றது. இருந்தவர்களும் வயதாகி மறைந்தார்கள். பாரிஸ் மறைபரப்புச் சபையார் வந்து பொறுப்பேற்ற பிறகும் பரந்த உள்நாட்டுப் பகுதிக்கு ஆட்கள் போதவில்லை. பல கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் குருவின் முகத்தையே பார்க்காமல் மக்கள் செபம் சொல்லி வந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் உபதேசியார்கள். பெயர் தெரியாத, பட்டம் இல்லாத ஆசிரியர்கள்.

பாடம் ஆய்வானது எப்போது?

இவ்வளவு காலமும் கற்பிக்கும் முறை ஒன்றுதான். கேள்வி, பதில், மனப்பாடம். 1566-ல் வந்த திரெந்து சங்க மறைக்கல்வி நூல் குருக்களுக்கானது. மக்களுக்கு வந்ததெல்லாம் வினா-விடைச் சுருக்கங்கள். இந்த வடிவம் எவ்வளவு வலுவானது என்றால், கிறிஸ்தவ மிஷன்களை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலரே யாழ்ப்பாணத்தில் 'சைவ வினாவிடை' என்று எழுதினார்.

20-ம் நூற்றாண்டில்தான் இதைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளை பதிலை ஒப்பிக்கிறான், ஆனால் அவனுக்கு ஏதாவது புரிகிறதா? அமெரிக்காவில் 1903-ல் சிக்காகோவில் சமயக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. உளவியலையும் கல்வியியலையும் வேதபாடத்துக்குள் கொண்டு வருவது அதன் நோக்கம். கத்தோலிக்க உலகில் ஆஸ்திரியக் குரு யோசேப் யுங்மான் 1936-ல் ஒரு நூல் எழுதினார். திருச்சபை போதிக்க வேண்டியது நற்செய்தியை, ஆனால் பிள்ளைகள் பெறுவது விதிகளின் பட்டியலை என்பது அவர் வாதத்தின் சாரம். எதிர்ப்பு வந்து அந்த நூல் விற்பனையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது! ஆனால் அவருடைய மாணவர் ஹோஃபிங்கர் சளைக்கவில்லை. 1960-ல் ஜெர்மனியில் ஐக்ஸ்டெட் நகரில் பன்னாட்டு மறைக்கல்வி ஆய்வு வாரம் நடத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962-ல் கூடியபோது, யுங்மான் சொன்னவை பெரும்பாலும் பொதுக் கருத்தாகிவிட்டன.

மறைக்கல்வி என்பது மனப்பாடம் அல்ல, அது ஒரு துறை, அதற்கு ஆய்வு தேவை, ஆய்வுக்குப் பட்டம் தேவை என்ற நிலை இப்படித்தான் வந்தது.

கல்லேரியிலிருந்து பாரிஸுக்கு

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பாரிஸுக்குப் படிக்கப் போனவர்தான் து.சா. அமலோர்பவதாஸ். தென்னார்க்காடு மாவட்டத்தில் கல்லேரி என்ற கிராமத்தில் 1932-ல் பிறந்தவர். 1959-ல் புதுச்சேரி உயர்மறைமாவட்டக் குருவானார். பிற்காலத்தில் கர்தினாலான சைமன் லூர்துசாமி இவருடைய அண்ணன்.

பாரிஸ் கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனத்தில் இவர் படித்தது மறைக்கல்வியும் அருள்பணி இறையியலும். அங்கேயே முனைவர் பட்டமும் பெற்றார். இந்தியா ஆண்டவரைச் சந்திப்பது பற்றிய இவருடைய பிரெஞ்சு நூல் 1964-ல் வெளியானது. தலைப்பிலேயே கேள்வி தெரிகிறது. ஐரோப்பாவில் யுங்மான் கேட்டது, 'பிள்ளைக்குப் புரிகிறதா' என்று. அமலோர்பவதாஸ் அதோடு இன்னொன்றையும் சேர்த்தார். 'இந்தியப் பிள்ளைக்கு இது தன்னுடையதாகத் தெரிகிறதா?'

இந்த மாதிரி ஆய்வு செய்தவர்கள் பொதுவாக என்ன செய்வார்கள்? குருமடத்தில் பேராசிரியர் ஆவார்கள். பத்துப் பதினைந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். கத்தோலிக்க முறையில் இதற்கு ஏணியே இருக்கிறது. முதலில் இளங்கலை, அடுத்து லைசென்சியேட், அதற்கு மேல் டாக்டர். லைசென்சியேட் என்றாலே 'போதிக்க அனுமதி' என்றுதான் அர்த்தம். அந்த ஏணியில் ஏறியவர்கள் திரும்ப இறங்கி வருவது அபூர்வம்.

அமலோர்பவதாஸ் இறங்கி வந்தார். இந்திய ஆயர் பேரவை 1967-ல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தைத் தொடங்கியபோது அதன் நிறுவன இயக்குநர் இவர்தான். ஒரு முனைவர் பட்டத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பயிற்சி வகுப்புகளாகச் சில்லறை மாற்றினார் என்று சொல்லலாம். குருக்கள், அருள்சகோதரிகள், பள்ளி ஆசிரியர்கள், பொதுநிலையினர் என்று நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கிப் படித்தார்கள். பள்ளி வகுப்புகளுக்கான மறைக்கல்விப் பாடநூல்கள் அங்கே தயாராயின. வந்தவர்கள் தங்கள் மறைமாவட்டத்துக்குத் திரும்பிப் போய் அங்கே இருப்பவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும். சவேரியார் பிள்ளைகளை வைத்துப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அதே சங்கிலிதான், பெரிய அளவில்.

தமிழ்நாட்டு அளவில் இதே பணியைச் செய்யும் நடுநிலையம் திண்டிவனத்தில் இருக்கிறது. 1995-ல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டதும் அந்த நிலையம்தான்.

1974-ல் நற்செய்தி அறிவிப்பு பற்றி ரோமில் உலக ஆயர் மாமன்றம் கூடியது. அதற்கு நியமிக்கப்பட்ட இரண்டு சிறப்புச் செயலர்களில் ஒருவர் அமலோர்பவதாஸ். கல்லேரியில் பிறந்தவர் உலகத் திருச்சபையின் அறிக்கையை எழுதும் மேசையில் உட்கார்ந்தார்.

குத்துவிளக்கும் பறையும்

இவ்வளவும் படித்தால் எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று தோன்றும். உண்மை அப்படி இல்லை.

1969-ல் இந்திய ஆயர்களின் வேண்டுகோளை ஏற்று ரோம் 12 மாற்றங்களுக்கு ஒப்புதல் தந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்வது, முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குவது, மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, ஆரத்தி போன்றவை அதில் இருந்தன. இதற்குப் பின்னால் இருந்த முக்கியமான கை அமலோர்பவதாஸுடையது. வழிபாட்டில் உட்காரும் விதமே ஒரு பாடம் என்பது அவர் எண்ணம். அந்நிய மதம் என்ற எண்ணத்தைப் புத்தகத்தால் மட்டும் போக்க முடியாது, உடம்பும் கற்றுக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பு மூன்று திசைகளிலிருந்து வந்தது. பழமையை விரும்பிய கத்தோலிக்கர்கள், இது கோயிலை இந்துமயமாக்குவது என்றார்கள். இந்து விமர்சகர்கள் சிலர், இது மதமாற்றத்துக்கான மாறுவேடம் என்றார்கள். இந்த இரண்டையும்விட ஆழமான கேள்வி மூன்றாவது திசையிலிருந்து வந்தது.

தமிழகக் கத்தோலிக்கரில் பெரும் பகுதியினர் தலித் மக்கள். அவர்களில் பலருடைய முன்னோர்கள் சாதியிலிருந்து தப்பிக்கத்தான் இந்த மதத்துக்கு வந்தார்கள். இங்கேயும் தனி வரிசை, தனிக் கல்லறை என்ற நிலை இருந்தது வேறு கதை. அவர்களிடம் போய் ஆரத்தி, சமஸ்கிருத மந்திரம், ஆசிரமம் என்றால்? எந்தக் கோயில் வாசலில் நிற்க விடாமல் துரத்தினார்களோ அந்தக் கோயிலின் சடங்குதான் 'இந்தியப் பண்பாடு' என்றால், பறையும் கூத்தும் நாட்டார் பாட்டும் எந்த நாட்டுப் பண்பாடு?

1981-ல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் ஒரு துறையாகவே வளர்ந்தது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு கிராமத்து மெட்டிலும் கிராமத்துத் தமிழிலும் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். அமலோர்பவதாஸின் கேள்வியையே அவர்கள் இன்னும் கீழே இறங்கிக் கேட்டார்கள் என்று சொல்ல வேண்டும். 'இந்தியப் பிள்ளைக்குப் புரிகிறதா' என்று அவர் கேட்டார். 'எந்த இந்தியப் பிள்ளைக்கு' என்று இவர்கள் கேட்டார்கள்.

அமலோர்பவதாஸ் 1980-களில் மைசூருக்குப் போனார். மைசூர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயல் துறைக்குத் தலைமை ஏற்றார், அஞ்சலி ஆசிரமத்தையும் நடத்தினார். 1990-ல் ஒரு சாலை விபத்தில் இறந்தார். வயது 58-கூட நிறையவில்லை.

ஒரு டேனிஷ் காகிதம்

அரசுப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயல் துறை என்பது ஏன் பெரிய விஷயம்? 1857-ல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது மத நடுநிலை என்ற கொள்கையால் இறையியலுக்கு அங்கே பட்டம் கிடையாது. பிறகு சீர்திருத்த சபையினர் எங்கே பட்டம் வாங்கினார்கள்? வங்காளத்தில் உள்ள செராம்பூரில்! வில்லியம் கேரியும் நண்பர்களும் 1818-ல் தொடங்கிய கல்லூரிக்கு, 1827-ல் டென்மார்க் மன்னர் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்திருந்தார். அப்போது செராம்பூர் டேனிஷ் காலனி, நம் தரங்கம்பாடி மாதிரியே. 1845-ல் இரண்டு ஊர்களையும் டென்மார்க் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. ஆனால் அந்த உரிமை மட்டும் செல்லுபடியாகவே இருந்தது. 1918-ல் அதற்கென்று வங்காளத்தில் சட்டமும் வந்தது. மதுரை அரசரடி, சென்னை குருகுல், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி என்று பல கல்லூரிகள் பட்டத்துக்காக இணைந்தது இந்த செராம்பூர் ஆட்சிமன்றத்தோடுதான். இன்று சென்னைப் பல்கலைக்கழகத்திலும் கிறிஸ்தவ இயலுக்குத் துறை இருக்கிறது.

மறுபடியும் தர்மபுரி

1965-ல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்துக்கு 1997 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு ஜனவரியில் சேலம் மறைமாவட்டத்திலிருந்து தர்மபுரி மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தப் பகுதிக் கல்லூரிகளுக்கான பெரியார் பல்கலைக்கழகம் சேலத்தில் தொடங்கப்பட்டது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆனால் மறைமாவட்டம் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒன்றுதான்.

முதல் ஆயர் ஜோசப் அந்தோணி இருதயராஜ் சலேசிய சபையைச் சேர்ந்தவர். பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் கற்பிப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்ட சபை அது. ரோமில் அந்தச் சபை நடத்தும் பல்கலைக்கழகத்தில் கல்வியியலுக்குத் தனிப்புலமும், மறைக்கல்விக்கு உயர் ஆய்வும் உண்டு.

இங்கே கிறிஸ்தவர்கள் மிகச் சிறிய எண்ணிக்கையினர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் மண். மலைக் கிராமங்களும், வேலைக்காகப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் பெற்றோர் போய்விட்ட வீடுகளும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் பாடம் நடத்துவது எப்படி என்று எந்த பாரிஸ் பாடநூலும் சொல்லாது. அதைத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே இருப்பவர்தான்.

இதை ரோமும் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. 2021 மே மாதம் போப் பிரான்சிஸ் ஓர் ஆணை வெளியிட்டார். மறைக்கல்வி ஆசிரியர் பணி, திருச்சபையில் முறைப்படி ஏற்படுத்தப்பட்ட பொதுநிலையினர் பணி என்று அது அறிவித்தது. சவேரியார் தன் முதல் உபதேசியார்களை நியமித்து ஏறக்குறைய 480 ஆண்டுகள் கழித்து!

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 'திருச்சபையின் டாக்டர்', தமிழில் மறைவல்லுநர், என்ற பட்டம் 1970-ல் முதல் தடவையாக இரண்டு பெண்களுக்குத் தரப்பட்டது. ஒருவர் அவிலா தெரசா. மற்றவர் சியன்னா நகர் கத்தரீன், பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்கு ஆய்வேடும் இல்லை, வழிகாட்டியும் இல்லை.

அப்படியானால் ஆய்வுப் பட்டம் தேவையே இல்லையா? தேவைதான். படிக்காமல் போயிருந்தால் அமலோர்பவதாஸால் ரோமோடு வாதாடியிருக்க முடியாது. நிர்மலும் அப்பாவுவும் கல்லூரிக்குள் நின்று பேசியிருக்காவிட்டால் அந்த மூன்றாவது கேள்வி பாடத்திட்டத்துக்குள் வந்திருக்காது. மறைக்கல்வியில் மட்டும் அல்ல, எந்தத் துறையில் ஆய்வு செய்பவரிடமும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இந்த வரலாற்றில் இருக்கிறது. உங்கள் ஆய்வை அந்தப் பட்டத்தை ஒருநாளும் வாங்கப் போகாதவர் ஒருவர் பயன்படுத்த முடியுமா? வீரமாமுனிவரின் 'வேதியர் ஒழுக்க'த்தை உபதேசியார்கள் பயன்படுத்தினார்கள். பெங்களூர் நடுநிலையத்தின் பாடநூல்களைப் பள்ளி ஆசிரியர்கள் பயன்படுத்தினார்கள். அலமாரியில் தூங்கும் ஆய்வேடுகளைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் படிக்கும் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.